மதகுக்குத் தெற்கே பதினான்கு மீட்டர்

விடங்கலூர் காவல் நிலையத்தின் எல்லைக்குள் யாராவது சாலையில் அடிபட்டு இறந்துவிட்டால், அந்த இடத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுப்பது தலைமைக் காவலர் மங்களாம்பிகையின் வேலை. முறைப்படி அது ஆய்வாளர் வரைய வேண்டிய படம். கீழே விழும் கையெழுத்தும் அவருடையதுதான். ஆனால் அந்த நிலையத்துக்கு வந்துபோன ஆய்வாளர்கள் எல்லோருமே, முதல் விபத்தில் மங்களாம்பிகையின் கோட்டைப் பார்த்துவிட்டு, அடுத்ததிலிருந்து, "மங்களம், டேப்ப எடுத்துக்கிட்டு நீங்களே போயிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

பள்ளியில் அவர் வரைந்த செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டை டீச்சர் பக்கத்து வகுப்புக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டினாராம். அந்தக் கைக்குக் கடைசியில் கிடைத்த வேலை இது. சாலைக்கு இரண்டு நேர்கோடு. வயலுக்குச் சின்னச் சின்னக் கீறல். மரத்துக்கு வட்டம். இறந்தவர் கிடந்த இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. அசையாமல் நிற்கிற ஏதாவது ஒன்றிலிருந்து அந்தக் குறி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று எழுத வேண்டும். மைல்கல், மதகு, கோயில் மதில், எதுவானாலும் சரி.

படம் முடிந்ததும் முதல் தகவல் அறிக்கை. அதில் ஒரு வாக்கியம் எப்போதும் மாறாது. "மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்யும் அளவுக்கு அந்த வாக்கியம் அவர் விரலில் ஏறியிருந்தது.

அவருக்கு நாற்பத்தாறு வயது. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் வேலை செய்து, மூன்று பிள்ளைகளையும் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். கணவர் தமிழரசன் விடங்கலூரில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா செய்கிறார். மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மங்களம். ஊரில் ஏட்டம்மா.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய புரட்டாசியில், நடவு மும்முரமாக இருந்த ஒரு காலை, ஐந்து நாற்பதுக்குத் தென்கட்டளை அருகே விபத்து என்று செய்தி வந்தது. தென்கட்டளையிலிருந்து நடவுக்குக் கிளம்பிய பிரகதாம்பாள் என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண் சாலையைக் கடக்கும்போது, நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வந்த வேன் மோதி, அங்கேயே இறந்துபோனார். மங்களாம்பிகை போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் உடலை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. தூக்குவாளி ஒன்று கவிழ்ந்து, சோறு தார்ச்சாலையில் சிந்திக் கிடந்தது. காக்கைகள்கூட இன்னும் வரவில்லை.

ஓட்டுநர் ஓடிப்போகவில்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "ரோடு காலியா இருந்துச்சும்மா" என்றார். "சத்தியமா காலியா இருந்துச்சு. அடுத்த செகண்டு ஆளு நிக்குது. எங்கேருந்து வந்தாங்கன்னே தெரியல." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மங்களாம்பிகை டேப்பை இழுத்தார். பக்கத்தில் குமிழி வாய்க்கால் சாலைக்கு அடியில் புகுந்து போகிற இடத்தில் ஒரு மதகு. அதன் கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்து, 'மதகுக்குத் தெற்கே 14 மீட்டர்' என்று எழுதினார். எழுதியதும் பேனா நின்றது.

இதே வரியை இதே கையால் முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறோம் என்று உடம்பு சொன்னது.

அன்று மாலை பழைய கோப்புகளைப் பிரித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். மதகுக்குத் தெற்கே 14 மீட்டர். எண்கூட மாறவில்லை. சரி, ஒரே இடத்தில் இருவர் என்று நினைத்துக்கொண்டே அடுத்த கட்டைப் பிரித்தார். அதில் வேறு ஒரு படம். 'ரைஸ்மில் சுவருக்கு வடக்கே 62 மீட்டர்.' ஊர்ப் பெயர் மேலக்காவனூர் என்று இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ரைஸ்மில்லும் மதகும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. நடுவில் வருவாய்க் கிராமத்தின் எல்லைக்கல் நிற்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் மேலக்காவனூர், இந்தப் பக்கம் விழுந்தால் தென்கட்டளை. ஒருமுறை மைல்கல்லிலிருந்து அளந்திருக்கிறார், ஒருமுறை புங்கமரத்திலிருந்து. எல்லாப் படத்தையும் வரைந்தது அவரேதான். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனி இடமாக வரைந்து வைத்திருக்கிறார்.

மூன்று ஆண்டுகளில் ஆறு பேர். அதோடு முடியவில்லை. அடிபட்டபோது உயிரோடு இருந்து, பத்து நாள், பன்னிரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தவர்கள் இருவர் காயவழக்குக் கோப்புகளுக்குள் இருந்தார்கள். ரைஸ்மில்லுக்குக் கொஞ்சம் வடக்கிலேயே பக்கத்து நிலையத்தின் எல்லை தொடங்கிவிடுகிறது. அங்கே எழுத்தராக இருந்தவருக்குப் போன் செய்தார். அவர் தேடிவிட்டு, "மூணு இருக்குக்கா. போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றார். மொத்தம் பதினோரு பேர். அத்தனை பேரும் நடந்து போனவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள். மூன்று சார்ட் பேப்பரை நீளவாக்கில் ஒட்டி, கூடத்துத் தரையில் விரித்தார். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டார். வடக்கே மதகு, தெற்கே ரைஸ்மில், நடுவே நூற்றெண்பது மீட்டர் சாலை. பதினோரு கோப்பையும் பார்த்துப் பார்த்துப் பெருக்கல் குறிகளை வைத்தார். காற்றில் காகிதம் எழும்பாமல் தமிழரசன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் குறியை வைத்துவிட்டு மங்களாம்பிகை எழுந்து நின்று பார்த்தார். இருபத்தைந்து ஆண்டுச் சேவையில் எத்தனையோ பார்த்தவர். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பதினோரு குறிகளும் குடிதண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்கிறவர்களைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக, சாலையின் ஒரே ஓரத்தில் நின்றன. தபால்காரர், பிரகதாம்பாள், ஆடு ஓட்டிப்போன ஒருவர், கல்லூரிக்குப் பஸ் பிடிக்க வந்த ஹுமைரா என்ற பெண். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். வேறு வேறு வருஷம், வேறு வேறு வண்டி. ஆனாலும் யாரோ இடம் சொல்லி நிறுத்தியதுபோல நின்றார்கள்.

அந்த மாறாத வாக்கியம் அவர் நினைவுக்கு வந்தது. அதில் ஓட்டுநர் இருக்கிறார், வேகம் இருக்கிறது, அஜாக்கிரதை இருக்கிறது. சாலை இல்லை. பதினோரு பேருக்கும் பொதுவான ஒன்றை மட்டும் அவர் ஒருமுறைகூட எழுதியதில்லை.

தமிழரசன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாய்க்கா கரையில ஒரு பாதை இருக்குமே" என்றார். "தென்கட்டளையிலேருந்து கிழக்கே வயலுக்குப் போறது. அத நீ வரையவே இல்லையே?"

"அது ரோடு இல்லையேங்க."

"ரோடு இல்லதான். ஆனா புல வரைபடத்துல இருக்கும். விஏஓகிட்ட கேட்டுப் பாரு. எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடியே அந்தப் பாதை இருக்கு." குனிந்தபடியே சொன்னார். "பாதை போயி ரோட்டுல குறுக்க விழல மங்களம். ரோடுதான் வந்து பாதையில குறுக்க விழுந்திருக்கு."

அவர் சொன்னது சரிதான். கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்த பழைய புல வரைபடத்தில் அந்தப் பாதை மேற்கிலிருந்து கிழக்கே மெல்லிய இரட்டைப் புள்ளிக்கோடாக ஓடியது. அந்த வரைபடத்தில் சாலையே இல்லை.

பிரகதாம்பாளின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போனபோது, சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கையோடு எடுத்துப்போனார். அறிக்கை கொடுக்கும் மருத்துவர் லத்தீஃபா அதிகம் பேசாதவர். தாளை மேசைமேல் விரித்து, நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நாலு பேர நான்தான் பாத்தேன்" என்றார். பிறகு, "ஏட்டம்மா, ஒரே தெருவுல பதினோரு பேரு வாந்தி பேதியில போனா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? யாரு கை கழுவலன்னு கேட்டுக்கிட்டு இருக்க மாட்டோம். ஓடிப்போயி தண்ணித் தொட்டியத்தான் பாப்போம்."

"அப்ப இது நோயா மேடம்?"

"நோய் மாதிரிதான். ஒரே இடத்துல வருது, ஒரே நேரத்துல வருது, ஒரே மாதிரி ஆளுங்களுக்கு வருது. வேற என்ன வேணும்?" அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "மனுஷ உடம்பு மனுஷன் ஓடுற வேகத்துக்குத்தான் ஆனது. நாமளே ஓடிப்போயி மரத்துல முட்டிக்கிட்டா எலும்பு தாங்கும். அதுக்கு மேல தாங்குறதுக்கு நமக்கு ஒண்ணும் குடுத்து அனுப்பல. முப்பதுல வந்து அடிச்சா முக்கால்வாசிப் பேரு எந்திரிச்சு உக்காந்துருவாங்க. அறுபது எழுபதுல வந்தா எங்கிட்டதான் வராங்க."

அந்தச் சொற்கள் மங்களாம்பிகையை விடவில்லை. பேருந்தில் திரும்பும்போது தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு மெல்லியதா இது என்று முதல்முறையாகத் தோன்றியது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சீருடை இல்லாமல் மதகில் போய் உட்கார்ந்தார். கிழக்கே இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் சாலையை அகலமாக்கியிருந்தார்கள். அதற்கு முன்பு பஸ் நிறுத்தம் மதகின் பக்கத்திலேயே, புங்கமரத்தடியில் இருந்தது. அகலமாக்கியபோது அதை ரைஸ்மில் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதனால் தென்கட்டளைக்காரர்கள் வாய்க்கால் கரையில் வந்து ஏறி, பஸ்ஸுக்காக நூற்றைம்பது மீட்டர் சாலையோரமாகவே நடந்தார்கள். நடந்துகொண்டே வசதிப்பட்ட இடத்தில் கடந்தார்கள். புங்கமரத்தின் கிளை தாழ்ந்து வளைவை மறைத்தது. சாலை புதிது, வழவழப்பு. வண்டிகள் வருகிற சத்தம் கேட்பதற்குள் வண்டியே வந்துவிட்டது.

ஐந்தரைக்கு மேற்கே வாய்க்கால் கரையில் ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் அம்சம். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர், ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உயரமான உடம்பு. அவருக்குப் பின்னால் இருபது இருபத்திரண்டு பெண்கள். சாலையின் விளிம்புக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். பேச்சு நின்றது. ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். அம்சம் காதைத் திருப்பி, வடக்கேயும் தெற்கேயும் கேட்டார். பார்க்கவில்லை, கேட்டார். பிறகு, "ம்" என்று ஒரே சத்தம். இருபத்திரண்டு பேரும் ஒரே உடம்பாக, பக்கவாட்டில் அடியெடுத்து, ஓடாமல், நிற்காமல், அந்தப் பக்கம் போய் ஏறினார்கள். கடைசிப் பெண்ணின் சேலைத் தலைப்பு உள்ளே வருவதற்குள் ஒரு லாரி விர்ரென்று போயிற்று.

மங்களாம்பிகை எழுந்து நின்றுவிட்டார். வெள்ளம் போகிற ஆற்றில் ஆட்கள் இப்படிக் கடந்து பார்த்திருக்கிறார். காய்ந்த தார்ச்சாலையில் பார்த்ததில்லை.

வயற்பக்கம் போய் அம்சத்திடம் பேச்சுக் கொடுத்தார்.

"யாருக்கா உங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லிக் குடுக்கணும் ஏட்டம்மா? செத்தவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார் அம்சம். "தனியா வந்தா வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியாது. இருபது பேரா நின்னா ஒரு சொவரு மாதிரி தெரியும்ல. அந்தப் பக்கம் ஏறினதும் தலைய எண்ணுவேன். பிரகதாம்பா அன்னைக்கு அஞ்சு நிமிஷம் பிந்திட்டா. எங்களப் புடிக்கணும்னு ஓடியாந்தா."

அவர் அதை அழாமல் சொன்னார். சொல்லிவிட்டு நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

அன்று காலை ஏழு மணிக்குள் மங்களாம்பிகை எண்ணியவரையில் நூற்று நாற்பது பேர் அந்த இடத்தில் கடந்தார்கள். நடவாட்கள், பால் கொண்டுபோகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிற மாணவிகள். நூற்று நாற்பது பேரும் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை இதைச் செய்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் பதினோரு பேர்தான் இறந்திருக்கிறார்கள் என்பதே அவருக்கு இப்போது பெரிய ஆச்சரியமாக இருந்தது. மற்றவர்களை இத்தனை நாளும் காப்பாற்றி வைத்திருந்தது அவர்களுடைய காதும், பிடித்துக்கொண்ட கைகளும்தான்.

ஆய்வாளரிடம் தாளைக் காட்டினார். ஆய்வாளர் விரலால் ஒவ்வொரு குறியாகத் தொட்டு எண்ணினார். "இத நம்ம நிலையத்துலேயே வச்சுக்கிட்டு இருந்தோமா மங்களம்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே இரண்டு இரும்புத் தடுப்புகளை ஜீப்பில் ஏற்றிப்போய், மதகின் இரண்டு பக்கமும் வண்டிகள் வளைந்து போகும்படி குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தினார்கள். ஒளிரும் ஒட்டுத்தாளை மங்களாம்பிகையே வெட்டி ஒட்டினார்.

அடுத்த வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம். "நீங்களே வந்து சொல்லுங்க" என்று ஆய்வாளர் அவரையும் அழைத்துப்போனார். பெரிய மேசையில் தண்ணீர் பாட்டில்களை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தார்கள். மங்களாம்பிகை எழுந்தார். யோசித்து வைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை. "பதினோரு பேருங்கய்யா" என்றார். "எல்லாரும் நடந்து போனவங்க."

ஒருவர் ஜீப்பில் மைக் கட்டி விழிப்புணர்வு செய்யலாம் என்றார். இன்னொருவர் சாலையில் வேகத்தடை மேடு போடலாமே என்றார். நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் ஜெக்கரியா, நாற்பது வயதுக்காரர், முகத்தைச் சுளிக்காமல் ஆனால் உறுதியாகப் பேசினார். "நெனச்ச எடத்துல மேடு போட முடியாதும்மா. தெரியாம வேகமா வர்ற பைக்குக்காரர் விழுந்து செத்தா அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லணும். எதையும் ஆராயாம செய்ய முடியாது."

"சரிங்க சார்" என்றார் மங்களாம்பிகை. "ஆராய ஒரு நாள் காலையில வாங்க. அஞ்சரைக்கு."

அவர் வருவார் என்று மங்களாம்பிகை நம்பவில்லை. ஆனால் வந்தார். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. மழைச்சட்டையோடு மதகில் நின்றார். தடுப்புகளில் ஒன்றை இரவில் ஏதோ வண்டி தட்டி வாய்க்காலில் தள்ளியிருந்தது. அம்சமும் பெண்களும் வந்து விளிம்பில் நின்றார்கள். ஜெக்கரியா இந்தப் பக்கத்திலிருந்தே செல்போனில் படம் எடுக்கப் போனார்.

அம்சம் அவரைப் பார்த்து, "இங்க நின்னு பாத்தா என்ன தெரியும் தம்பி? எங்ககூட வாங்க" என்று கையை நீட்டினார்.

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, அம்சத்துக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றார். மறுபக்கம் மங்களாம்பிகை நின்று பார்த்தார். வரிசை அசையாமல் நின்றது. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அம்சம் வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டார். "ம்." வரிசை இறங்கியது. பாதிச் சாலையில் தெற்கேயிருந்து இரண்டு விளக்குகள் வளைவில் முளைத்தன. மரக்கிளை மறைத்ததால் அதுவரை அவை இல்லவே இல்லை. கைகளின் இறுக்கம் வரிசை முழுக்க ஓடியதை மங்களாம்பிகையால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கையை விடவில்லை. ஏறிய பிறகு பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று.

ஜெக்கரியா ஓரத்தில் நின்றார். அவருடைய வலது கை அம்சத்தின் கையை இன்னும் விடவில்லை.

"விடுங்க தம்பி, வந்தாச்சு" என்றார் அம்சம்.

அவர் கையை எடுத்துக்கொண்டு, கடந்து வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார். "தினமும் ரெண்டு தடவையா?" என்றார்.

"பொழுது சாய திரும்பி வரணும்ல."

அவர் மங்களாம்பிகையிடம் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்.

அதற்குப் பின் நடந்தது சினிமாவில் வருகிற மாதிரி வேகமாக நடக்கவில்லை. கடிதம் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. நடுவில் இருந்த நான்கு மாதமும் இரும்புத் தடுப்புகள்தான் காவல். விழுந்தால் நிறுத்துவதும், ஒடிந்தால் கட்டுவதும் மங்களாம்பிகையின் வேலையாகிவிட்டது. மாசி முடிவதற்குள் வேலை தொடங்கியது. முதலில் புங்கமரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தார்கள். பஸ் நிறுத்தத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். மதகுக்கு முன்னும் பின்னும் சக்கரம் கடகடவென்று அதிரும்படி வரிவரியாகப் பட்டைகள். நடுவே, வாய்க்கால் பாதை சாலையைத் தொடுகிற இடத்தில், சாலையே நடப்பவரின் உயரத்துக்கு எழும்பி வருவதுபோல அகலமான சமமேடு. அதன்மேல் வெள்ளைப் பட்டைகள். இரண்டு பக்கமும் விளக்குகள். மேடு போட்ட அன்று ஜெக்கரியா தானே பைக்கில் பத்து முறை ஏறி இறங்கிப் பார்த்தார்.

முதல் வாரத்தில் ஓட்டுநர்கள் திட்டினார்கள். இரண்டாவது வாரத்தில் பழகிக்கொண்டார்கள். குறுவை வந்தது, சம்பா வந்தது, அறுவடை வந்தது, மறுபடி குறுவை வந்தது. அந்த இடத்தில் அளப்பதற்காக மங்களாம்பிகை டேப்பை எடுக்கவே இல்லை. இரண்டு பேருக்குச் சிராய்ப்பு, ஒருவருக்குக் கால் எலும்பு முறிவு. மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

தடுப்பு வைத்த நாளிலிருந்து இருபது மாதம் ஆனபோது, மருத்துவர் லத்தீஃபா ஒரு விசாரணைக்காக நிலையத்துக்கு வந்தார். திரும்பும் வழியில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மங்களாம்பிகை தன் ஸ்கூட்டியில் முன்னால் போய் வழி காட்டினார். ஆனி மாதக் காலை. வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையோடு ஓடியது. மதகில் இருவரும் நின்றார்கள். ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். இப்போது யாரும் கைகளைப் பிடித்துக்கொள்வதில்லை. அம்சத்தின் ஆட்கள் பேசிக்கொண்டே, முந்தியும் பிந்தியும், கும்பல் கும்பலாகக் கடந்தார்கள். ஒரு மாணவி செல்போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே கடந்தாள். வண்டிகள் நின்றன, நகர்ந்தன.

"மூணு வருஷத்துக்குப் பதினொண்ணு" என்றார் லத்தீஃபா மெல்ல. "இருபது மாசத்துக்கு ஆறு வரணும். வரல."

மங்களாம்பிகை அந்த ஆறை அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இறந்தவர்களின் பெயர் பதினொன்றும் அவருக்கு மனப்பாடம். இந்த ஆறு பேர்? அவர்களுக்குப் பெயர் இல்லை. கோப்பு இல்லை. ஆனால் இருக்கிறார்கள். இதோ கண் முன்னால் கடக்கிற இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே போகிற அந்தப் பெண்ணா? பால்கேனைத் தோள் மாற்றிக்கொள்கிற அவரா? போனில் சண்டை போடுகிற பெண்ணா?

"யாருன்னு தெரியாதா மேடம்? கண்டுபிடிக்கவே முடியாதா?"

"முடியாது. அவங்களுக்கே தெரியாது" என்றார் லத்தீஃபா. "தடுப்பூசி போட்ட புள்ளைங்க மாதிரிதான். எந்தப் புள்ளைக்கு நோய் வந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்? யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டாங்க."

மங்களாம்பிகை மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். ஆறு பேர் காலையில் எழுந்து, பல் தேய்த்து, சோறு கட்டிக்கொண்டு, தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே தெரியாமல் வயலுக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகும். பேரப்பிள்ளைகள் பிறக்கும். பெரிய கோயிலின் கோபுரத்தை முதல்முறை அண்ணாந்து பார்த்தபோது சின்ன வயதில் ஒரு தலைசுற்றல் வந்ததே, ஏறக்குறைய அப்படி இருந்தது. கை தானாக மதகின் சுவரைப் பிடித்துக்கொண்டது.

போன் அடித்தது. நிலையத்திலிருந்து. வயலில் மோட்டார் திருட்டுப் போனதாகப் புகார் கொடுக்க ஒருவர் வந்து காத்திருக்கிறாராம்.

"வரேன்" என்று சொல்லிவிட்டு, மருத்துவருக்கு விடை கொடுத்து, ஸ்கூட்டியை எடுத்தார். மேட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. இன்னும் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு லாரி வந்து நின்று, ஒருமுறை ஹாரன் அடித்தது. மங்களாம்பிகை திரும்பிப் பார்க்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, கடைசி ஆள் அந்தப் பக்கம் ஏறும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.